பித்தப்பைக் கல்லை வாழைத்தண்டுச் சாறு கரைக்குமா?

வயிற்றில் 'கல்' இருப்பதாக மருத்துவர் சொன்னதுமே உறவினர்களிடமிருந்து யோசனைகள் குவியும். "வாழைத்தண்டுச் சாறு குடி; தண்ணீரை நிறையக் குடி; கல் தானாக வெளியே வந்துவிடும்!" ஆனால் அது எங்கே இருக்கும் கல் என்று கேட்பவர் சிலரே.

சிறுநீரகக் கல் வேறு, பித்தப்பைக் கல் வேறு. நாம் குடிக்கும் நீர் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டுச் சிறுநீராக இறங்குகிறது. நீர் மிகுந்தால் ஓட்டமும் மிகும். சிறு கல்லை அது தள்ளிக்கொண்டும் போகலாம். பித்தப்பையோ இந்தப் பாதையிலேயே இல்லை. கல்லீரலின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு பை அது. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். அதை வாங்கிச் சேமித்து, கெட்டியாக்கி, நாம் கொழுப்பு உணவு உண்ணும்போது குடலுக்குள் பிழிந்து விடுவதே பையின் வேலை.

அரிசியில் கிடந்த கல்லா அங்கே போய்ச் சேர்ந்தது? இல்லை. தெவிட்டிய சர்க்கரைக் கரைசலில் நூலைத் தொங்கவிட்டால் கற்கண்டு படிவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதேதான் இங்கும் நிகழ்கிறது. கொலஸ்டிரால் நீரில் கரையாது. பித்த உப்புகளே அதைக் கரைசலில் பிடித்து வைத்திருக்கின்றன. கொலஸ்டிரால் அளவுக்கு மிஞ்சினால் படிகமாகி, நாளடைவில் கல்லாகிறது. பித்த நிறமியால் ஆன கற்களும் உண்டு.

இத்தகைய கற்களில் பெரும்பாலானவற்றில் சுண்ணாம்புச் சத்து குறைவு. எனவே சாதாரண எக்ஸ்ரே படத்தில் அவை தெரிவதில்லை. படத்தில் தெரியாததால் கல்லே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்! மீயொலி ஸ்கேனில் கல் ஒலியை எதிரொலிக்கும். அதன் பின்னால் ஒரு நிழலும் விழும்.

இன்னொரு நம்பிக்கை, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கற்கள் வெளியேறும் என்பது. மறுநாள் மலத்துடன் பச்சை நிற உருண்டைகள் வருவது உண்மையே! நியூசிலாந்தில் ஒரு பெண்மணி 600 மில்லிலிட்டர் எண்ணெயும் 300 மில்லிலிட்டர் எலுமிச்சைச் சாறும் குடித்தபின் வெளியேறிய உருண்டைகளைச் சோதித்தார்கள். 2005-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. 40 டிகிரி செல்சியஸில் பத்தே நிமிடத்தில் அவை உருகிவிட்டன. கொலஸ்டிரால் இல்லை, பித்த நிறமி இல்லை, கால்சியமும் இல்லை. பெரும்பகுதி கொழுப்பு அமிலம். எண்ணெயிலிருந்து பிரிந்த அந்த அமிலத்துடன் சாற்றிலுள்ள பொட்டாசியம் சேர்ந்து குடலுக்குள்ளேயே சோப்பு தயாராகிவிட்டது! வேதியியல் பாடத்தில் நீங்கள் படித்த அதே வினைதான். அப்பெண்மணியின் உண்மையான கற்களோ பித்தப்பையிலேயே இருந்தன. பிறகு அறுவை செய்தே அகற்றினார்கள்.

அதிர்வலையால் கல்லை உடைக்கலாமே என்று இயற்பியல் மாணவர் கேட்பார். நல்ல கேள்வி. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1980-இல் சிறுநீரகக் கல்லை அப்படி உடைத்தார்கள். 1985-இல் பித்தப்பைக் கல்லையும் உடைத்தார்கள். ஆனால் துண்டுகள் குறுகிய, வளைந்த நாளத்தின் வழியே வெளியேற வேண்டும். அவை வெளியேறினாலும் அதே பையில் மீண்டும் கல் உண்டாகலாம். சிறு கொலஸ்டிரால் கற்களைக் கரைக்கும் மாத்திரைக்கும் இதே குறை உண்டு. போதாததற்கு மாதக்கணக்கில் விழுங்க வேண்டும்.

கல் இருந்தாலே கத்தி எடுக்க வேண்டும் என்பதும் தவறு. பலருக்கு அது வாழ்நாள் முழுவதும் சும்மா கிடக்கும். அவர்களுக்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படுவதில்லை. வலது மேல் வயிற்றில் கடும் வலி, காய்ச்சல், கண்ணில் மஞ்சள் என்று வந்தால் நிலைமை வேறு. கல் நழுவிப் பித்த நாளத்தை அடைத்திருக்கலாம், கணையமும் வீங்கலாம். அப்போது சாறு குடித்துக் காத்திருப்பது ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கல்லை மட்டும் எடுக்காமல் பையையே ஏன் எடுக்கிறார்கள்? கல் உருவாகும் இடம் அதுதான் என்பதால். 1882-இல் பெர்லினில் லாங்கன்புக் என்ற மருத்துவர் முதன்முதலில் இதைச் செய்தார். இன்று பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகவே முடித்துவிடுகிறார்கள். பை போனால் செரிமானமே நின்றுவிடாது. சிலருக்குக் கொஞ்ச காலம் வயிற்றுப்போக்கு இருக்கலாம், அவ்வளவுதான். கல்லீரலிலிருந்து பித்தநீர் நேரே குடலுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். குதிரைக்கும் எலிக்கும் பிறவியிலேயே பித்தப்பை கிடையாது!