திரையில் ஓடும் சரக்கு

குழந்தை டயபர் நனைப்பதில் திங்கள், வியாழன் என்ற பேதம் கிடையாது. ஆனாலும் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் பாம்பர்ஸ் கணக்கைப் புரட்டியபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. கடை விற்பனை ஓரளவு சீராகவே இருந்தது. விநியோகஸ்தர்களின் ஆர்டர் மட்டும் ஏறி இறங்கியது. கம்பெனி மூலப்பொருளுக்குக் கொடுத்த ஆர்டரோ அதைவிடத் தாறுமாறாக ஆடியது. பிடியை லேசாக அசைத்தால் நுனி பெரிதாக வீசுமே, அதனால் இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். 1997இல் ஹாவ் லீ, பத்மநாபன், சியுங்ஜின் வாங் மூவரும் இதன் காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். யாரும் முட்டாள்தனம் செய்யவில்லை. அவரவர் தமக்கு லாபமானதைச் செய்ததே குழப்பத்தில் முடிந்தது.

அப்போதுதான் இணையம் வணிகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. கடையின் விற்பனைக் கணக்கு நொடியில் ஆலைக்குப் போய்விட்டால் சாட்டை அடங்கிவிடும் என்று பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை எண்ணால் சோதித்தவர்கள் ஜெரார்ட் காஷோனும் மார்ஷல் ஃபிஷரும். ஒரு சப்ளையர், அவரிடம் வாங்கும் ஒரே மாதிரியான பல கடைகள் என்று வைத்து 2000இல் அவர்கள் போட்ட கணக்கில், தகவலை முழுக்கப் பகிர்ந்ததால் குறைந்த செலவு சராசரியாக 2.2 சதவீதம், அதிகபட்சமே 12.1தான். சரக்கு வந்துசேரும் காலத்தை ஏறக்குறையப் பாதியாக்கினால் 21 சதவீதமும், ஒரு தடவை வாங்கும் அளவைப் பாதியாக்கினால் 22 சதவீதமும் மிச்சம். மின்வணிக ஆய்வுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த ஒப்பீடுதான். ஆர்டர் போடும் செலவை இறக்கி, சின்னச் சின்ன லோடாக அடிக்கடி அனுப்ப வழிசெய்வதில்தான் இணையத்தின் நிஜமான லாபம் இருக்கிறது. திரையில் எல்லாம் தெரிகிறது என்பது கூடுதல் வசதி, அவ்வளவே.

அந்தக் கணக்கில் தேவையின் போக்கு எல்லாருக்கும் முன்பே தெரியும், நிஜ உலகம் அப்படியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே ஆண்டு லீ, சோ, டாங் மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரத்தின் தேவை அடுத்த வாரத்தையும் பலமாகப் பாதிக்கும் இடங்களில் பகிர்வால் உற்பத்தியாளருக்கு நல்ல பலன் கிடைத்தது. ஆனால் அந்தப் பலன் பெருகுவதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, சரக்கு வர நீண்ட நாள் ஆவது. அப்படியானால் அந்த நாளைக் குறைக்கக் குறைக்க, தகவலை நம்பியிருக்கும் அவசியமும் குறைகிறது. என் வாதத்துக்கு இது எதிர்ச்சாட்சி அல்ல.

தகவல் பெருகினால் போதும் என்பவர்கள் சிஸ்கோவை நினைத்துப்பார்க்கலாம். இணையவழி வணிகத்துக்கு முன்மாதிரி என்று கொண்டாடப்பட்ட அந்நிறுவனம் 2001இல் சுமார் 225 கோடி டாலர் சரக்கைக் கணக்கிலிருந்து கழித்தது. தட்டுப்பாட்டுக்குப் பயந்த வாடிக்கையாளர்கள் ஒரே தேவைக்கு இரண்டு மூன்று இடங்களில் ஆர்டர் போட்டதும் அதற்கு ஒரு காரணம். லீ குழுவின் 1997 பட்டியலிலேயே இருந்த காரணம்தான் இது.

கடைக்குள்ளும் இதே கதைதான். நிக்கோல் டிஹொரேஷியஸ், அனந்த் ராமன் இருவரும் ஒரு நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சரிபார்த்தார்கள். 65 சதவீதம் தவறு. இப்படித் தவறுவது சுலபம். ஒரே விலையில் இரண்டு வாசனை சோப்பு வந்தால், பில் போடுபவர் ஒன்றையே இரண்டு முறை ஸ்கேன் செய்துவிடுவார். மற்ற சோப்பு அலமாரியில் தீர்ந்த பிறகும் கணினியில் ஒன்று மீதி நிற்கும். மீதி இருப்பதால் புதிய ஆர்டர் போகாது. ஆர்டர் போகாததால் சரக்கு வராது. விற்காததால் அதை யாரும் கேட்கவில்லை என்று கணினி எழுதிக்கொள்ளும்.