குழாயின் வாயில் 15 விநாடி

சிறுநீரகம் செயலிழந்த குழந்தைக்கு ஹீமோடயாலிசிஸ் செய்யப் பெரும்பாலும் கழுத்துச் சிரை வழியாக, இதயத்தின் வலது மேலறை வரை ஒரு குழாயைச் செலுத்துகிறார்கள். கதீட்டர் எனப்படும் இந்தக் குழாயின் மறுமுனை மார்புத் தோலுக்கு வெளியே இரண்டு கிளைகளாகத் தொங்கும். ஒன்றின் வழியே ரத்தம் இயந்திரத்துக்குப் போகிறது; மற்றொன்றின் வழியே சுத்தமாகித் திரும்புகிறது. வாரம் 3 முறை என்றால் ஆண்டுக்கு 156 டயாலிசிஸ். ஒவ்வொன்றிலும் இணைக்க ஒரு முறை, கழற்ற ஒரு முறை என 312 தடவை அந்த வாய்களைக் கையாள வேண்டியிருக்கிறது. தோலில் சாதுவாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிக்கு அதில் ஒரு தடவை வழி கிடைத்தால் போதும். குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, பிசின் போன்ற படலம் கட்டி, அதற்குள் பதுங்கிவிடும். அதன் பிறகு ஆன்டிபயாடிக் அதை எளிதில் எட்டுவதில்லை.

நோயாளிக் குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி குறைவு, தொற்று வரத்தான் செய்யும் என்று சொல்லப்படுவதுண்டு. எதிர்ப்பு சக்தி குறைவு என்பது உண்மை. வரத்தான் செய்யும் என்பதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 100-க்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள், கை கழுவுதல், குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்தல், தேவை முடிந்த குழாயை உடனே அகற்றுதல் உள்ளிட்ட 5 எளிய நடைமுறைகளைக் கறாராகப் பின்பற்றின. 1000 குழாய் நாட்களுக்கு 2.7 என்றிருந்த குழாய்வழித் தொற்றின் இடைநிலை அளவு 3 மாதங்களில் பூஜ்யத்துக்கு வந்ததாக 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே குழாய் சில நாட்களே இருக்கும், டயாலிசிஸ் குழந்தைக்கோ மாதக்கணக்கில் இருக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாள் கூடக் கூட, குழாயைப் பொருத்தும் நேரத்துச் சுத்தத்தைவிட அன்றாடம் அதைத் திறக்கும் நேரத்துச் சுத்தமே முக்கியமாகிறது. மூடியைக் கழற்றியதும் வாயைக் கிருமிநாசினியால் 10 முதல் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, அது உலரும்வரை பொறுத்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கான அமெரிக்க டயாலிசிஸ் மையங்கள் ஸ்கோப் என்ற கூட்டு முயற்சியில் இத்தகைய பராமரிப்பை ஒரே சீராக்கியபோது, அங்கும் ரத்தத் தொற்று குறைந்தது.

தொற்று வந்தால் மருந்து இருக்கிறதே என்பது பாதி உண்மைதான். குழாயையே மாற்ற நேர்ந்தால், ஒவ்வொரு மாற்றமும் சிரையைத் தழும்பாக்கிச் சுருக்கக்கூடும். பத்து வயதுக் குழந்தைக்கு அந்தச் சிரைகள் இன்னும் பல பத்தாண்டுகளுக்குத் தேவைப்படும்.

கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா 1966-லிருந்தே அறியப்பட்ட மாற்று வழி. அதில் தொற்று மிகக் குறைவு. ஆனால் சின்னஞ்சிறு குழந்தையின் ரத்தக்குழாய்கள் அதற்குப் போதாமல் போகலாம். அது முதிரவும் வாரங்கள் ஆகும். பெற்றோரின் சிறுநீரகம் விரைவில் கிடைக்கும் என்றால் கதீட்டரே சரி. மாற்று அறுவை சிகிச்சை தள்ளிக்கொண்டே போகும்போதும் தற்காலிகக் குழாயையே தொடர்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நோயாளிகளில் ஒரு குழு முடித்து அடுத்த குழு ஏறும் பரபரப்பில் ஒரே நர்ஸ் பல இயந்திரங்களைக் கவனித்தால், அந்த 15 விநாடிதான் முதலில் பறிபோகும். ஆகவே இதை நர்ஸின் அக்கறையின்மை என்று சொல்லிவிட முடியாது. எத்தனை பேரை வேலைக்கு அமர்த்துகிறோம் என்பதே கேள்வி. வீட்டில் பெற்றோர் குழாயின் மேலுள்ள கட்டு நனையாமல், பிரியாமல் பார்த்துக்கொள்ளலாம். டயாலிசிஸின்போதோ வீட்டிலோ குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மையத்துக்குச் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுக்கும் ரத்தக் கல்ச்சரில்தான் கிருமி எது என்று தெரியவரும்.