உருகிய ஐஸ்கிரீம் ஆபத்து!

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி காலை "தானே" புயல் கடலூர் அருகே கரையைக் கடந்தது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்தன. பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. வீட்டில் இருந்த பிரிட்ஜ் வெறும் அலமாரி ஆகிவிட்டது!

புயல் எப்போதோ ஒருமுறை வருவது. மின்சாரமோ எந்த நாளும் தடைப்படலாம். அப்போது பிரிட்ஜுக்குள் இருக்கும் ஐஸ்கிரீம் என்ன ஆகும்?

உருகும். மின்சாரம் வந்ததும் மறுபடி உறையும். பார்ப்பதற்கு முன்பு போலவே இருக்கும். அதை எடுத்துக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது!

என்ன காரணம்?

ஐஸ்கிரீமில் பாலும் சர்க்கரையும் இருக்கின்றன. கிருமிகளுக்கு இது விருந்து. குளிர், கிருமிகளைத் தூங்க வைக்கும்; முழுவதும் கொன்றுவிடாது. ஐஸ்கிரீம் உருகியதும் அவை விழித்துக்கொண்டு பெருகும். மறுபடி உறைந்தாலும், பெருகிய கிருமிகள் உள்ளேயே இருக்கும்.

2015-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் ஐஸ்கிரீமில் "லிஸ்டீரியா" என்ற கிருமி இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. உறைந்த நிலையிலும் அது சாகவில்லை. 10 பேர் நோய்வாய்ப்பட்டனர். அவர்களில் 3 பேர் இறந்தனர். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கப்பலில் வந்த ஐஸ்

சிதம்பரத்தில் இருந்து கடலூருக்குச் சுமார் 45 கிலோ மீட்டர். பஸ்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஐஸ்கிரீம் உருகாமல் இருக்குமா?

1833-ம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் கட்டி வந்தது. 4 மாதப் பயணம்! ஆனாலும் பாதிக்கு மேல் உருகாமல் வந்து சேர்ந்தது. பின்னர் சென்னைக்கும் ஐஸ் வந்தது. அதைச் சேமிக்க 1842-ம் ஆண்டு கடற்கரையில் "ஐஸ் ஹவுஸ்" கட்டினார்கள். இன்றைய விவேகானந்தர் இல்லம் அதுதான்.

வெளிக்காற்றின் சூடு ஐஸ் மீது படாமல் மூடி வைத்தார்கள். அதுதான் ரகசியம்! நாமும் அதையே செய்யலாம். மற்ற சாமான்களை வாங்கிவிட்டு, கடைசியில் ஐஸ்கிரீம் வாங்க வேண்டும். பழைய செய்தித்தாளைப் பல மடிப்பாகச் சுற்ற வேண்டும். அதன்மேல் தடித்த துண்டைச் சுற்ற வேண்டும்.

தூரப் பயணம் என்றால் தெர்மகோல் பெட்டி நல்லது. அதில் ஐஸ் கட்டியை நொறுக்கிப் போட்டு, 3 பங்கு ஐசுக்கு ஒரு பங்கு கல் உப்பு சேர்க்க வேண்டும். வெறும் ஐஸ் 0 டிகிரிதான். உப்பு சேர்ந்தால் மைனஸ் 20 டிகிரி வரைகூடக் குளிரும். ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி இறுக்கமாக இருக்கட்டும். உப்புத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு...

* பிரீசரின் உட்புறம், பின்பக்கமாக வையுங்கள். அங்கு மைனஸ் 18 டிகிரி இருப்பது நல்லது. கதவு ஓரம் வேண்டாம்.

* மீன் பக்கத்தில் வைக்காதீர்கள். வாடை ஐஸ்கிரீமில் ஏறிவிடும்.

* மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள்.

* பெரிய டப்பா கல் போல இறுகி இருந்தால், கரண்டியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு எடுங்கள். வேண்டியதை எடுத்ததும் டப்பாவை உடனே பிரீசரில் வையுங்கள்.

* கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்ப டப்பாவில் போடக் கூடாது.

கண்டுபிடிப்பது எப்படி?

நல்ல ஐஸ்கிரீமில் காற்று கலந்திருக்கும். அதனால்தான் மிருதுவாக இருக்கிறது. உருகினால் காற்று வெளியேறிவிடும். மறுபடி உறையும்போது அளவு குறைந்து, நாக்கில் மணல் போல் நறநறக்கும்.

வெளியூர் போகிறவர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரை பிரீசரில் வைத்து உறைய விடுங்கள். அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் பாருங்கள். காசு மேலேயே இருந்தால் ஐஸ் உருகவில்லை. அடியில் போயிருந்தால், ஐஸ் முழுவதும் உருகி மறுபடி உறைந்திருக்கிறது!

காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனம் வராதுதான். ஆனால் ஐஸ்கிரீம் விலையைவிட ஆஸ்பத்திரிச் செலவு அதிகம். காசு அடியில் கிடந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்!