காலை அகற்றுவதற்கு முன் எழ வேண்டிய கேள்வி

நீரிழிவால் விரல் கறுத்துப்போன ஒருவர் பேசாலையிலிருந்து மன்னார் மாவட்ட பொது வைத்தியசாலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பார்ப்பவர் அண்மையில் பட்டம் பெற்ற இளம் வைத்தியராக இருக்கலாம். இரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறதா, அதைத் திறக்கலாமா என்ற கேள்வி அவருக்கு எழுந்தால்தான் கால் தப்பும்.

அடைப்பைத் திறக்கக் காலைக் கீறித்தான் ஆகவேண்டும் என்றில்லை. தொடையில் ஊசியால் துளையிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மெல்லிய குழாயைச் செலுத்தியும் திறக்கலாம். 1964இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் வைத்தியர் சார்ள்ஸ் டொட்டர் முதன்முதலாகச் செய்தது இதைத்தான். காலை அகற்றச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டி பின்னர் அந்தக் காலாலேயே நடந்தார். இன்று இத்துறையை இடையீட்டுக் கதிரியக்கவியல் என்கிறார்கள். கல்லீரல் சீழ்க்கட்டியை வடிப்பதும், பிரசவத்துக்குப் பின் நிற்காத இரத்தப்போக்கை அடைப்பதும் இதற்குள் வரும்.

மாணவர்களோ கதிரியக்கவியலைப் படம் வாசிக்கும் பாடமாகவே பெரிதும் அறிகிறார்கள். (உலகெங்கும் உள்ள குறைதான் இது.) செய்யக் கற்பது பட்டப்பின் படிப்பு. பார்த்து வைப்பதற்கு அது தேவையில்லை; சத்திரசிகிச்சைப் பயிற்சியின்போது இரண்டு நாள் அந்த அறையில் நின்றாலே பெரிய விடயம் என்பேன்.

2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பயணம் சுருங்கிவிட்டது. நோயாளர் காவு வண்டி பூநகரி வழியே நேரத்துக்குப் புறப்படுமா என்பது, மேலதிக சிகிச்சைக்கு அனுப்பும் கடிதத்தை எழுதுபவர் என்ன பார்த்திருக்கிறார் என்பதில் இருக்கிறது.