சூடும் குறையணும்... சத்தமும் குறையணும்! - கம்ப்யூட்டர் கூலர் வாங்கும் முன்...

மகன் கம்ப்யூட்டரில் வீடியோ எடிட்டிங்கை ஆரம்பித்தால் போதும், 'கொய்ங்' என்று ஓர் இரைச்சல். பக்கத்து அறையில் தாத்தாவின் தூக்கம் போச்சு! காரணம், பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் கூலர்.

பிராசஸரின் சூட்டைச் செம்புக் குழாய்கள் அலுமினியத் தகடுகளுக்குக் கடத்த, ஃபேன் அதைக் காற்றோடு வெளியே தள்ளும். இந்த வேலை சரியாக நடக்காவிட்டால் 95, 100 டிகிரி செல்சியஸை எட்டியதும் பல பிராசஸர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சரி, நல்ல கூலரை எப்படிக் கண்டுபிடிப்பது? 'எழுபது டிகிரியைத் தாண்டவில்லை' என்று யாராவது சொன்னால், உடனே மயங்க வேண்டாம். இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

அறையின் வெப்பம் எவ்வளவு?

22 டிகிரி ஏசி அறையில் பிராசஸர் 70 என்றால், வித்தியாசம் 48. அதே கூலர், 36 டிகிரி கோடை அறையில் சுமார் 84-ஐத் தொட்டுவிடும். ஆகவே, ஒப்பிட வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

எவ்வளவு சத்தத்தில்?

முழு வேகத்தில் சுற்றினால் சுமாரான கூலரும் நன்றாகக் குளிர்விக்கும். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல இருக்கும். எனவே, இரண்டு கூலர்களை ஒரே சத்த அளவில் வைத்துச் சூட்டைப் பார்ப்பதுதான் நியாயமான போட்டி.

பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே நிறைய காற்றைத் தள்ளும். ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் 2014-ல் கொண்டுவந்த என்.ஹெச்-டி15 மாடலில் 140 மி.மீ ஃபேன்கள் இரண்டு. அதிகபட்ச வேகத்திலும் சத்தம் 24.6 டெசிபல்தான் என்கிறது நிறுவனம். ஆனால், எடை 1.3 கிலோ, உயரம் 165 மி.மீ! கேபினெட்டில் இடம் இருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

வாங்கும் முன்...

அறை வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, அரை மணி நேரம் கனமான வேலை கொடுத்து, பிராசஸர் சூட்டைப் பாருங்கள். போனில் இருக்கும் டெசிபல் ஆப் துல்லியமாக இருக்காது; ஆனாலும் ஒரே இடத்தில் வைத்து முன்பும் பின்பும் ஒப்பிடப் போதும்.

பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தகடுகளில் அடைந்த தூசியைத் தட்டுங்கள். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். வித்தியாசம் நன்றாகக் குறைந்ததா? புது கூலர் காசு மிச்சம்... தாத்தாவுக்கும் நிம்மதியான தூக்கம்!