முக்கொம்பு, கல்லணைக்கு கிளம்பியாச்சா? வெயிலை நம்பி ஆற்றில் இறங்காதீங்க!

திருச்சிக்காரர்களுக்கு லீவு நாள் என்றாலே முதலில் ஞாபகம் வருவது முக்கொம்பும் கல்லணையும்தான். பெரிய செலவு கிடையாது. புளிசாதம், உருளைக்கிழங்கு பொரியல் கட்டிக்கொண்டு சத்திரம் பஸ் நிலையத்தில் டவுன் பஸ் ஏறினால் போதும். குடும்பத்தோடு ஜாலியாக சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.

ஆனால் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கொஞ்சம் உஷாராக இருக்கணும். "வானம் பளிச்சுன்னு இருக்கு, தண்ணி முழங்கால் அளவுதானே" என்று இறங்குவதுதான் ஆபத்து.

எங்கோ மழை, இங்கே வெள்ளம்

திருச்சியில் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் காவிரியில் வெள்ளம் வரும். குடகு, வயநாடு பகுதிகளில் தென்மேற்கு பருவமழை கொட்டினால் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பும். உபரி நீர் மேட்டூருக்கு வரும். மேட்டூரின் நீர்மட்டம் 120 அடியை தொட்டுவிட்டால், வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவதை தவிர வேறு வழியில்லை. அந்த தண்ணீர் பவானி, அமராவதி ஆற்று தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு முக்கொம்புக்கு பாய்ந்து வரும்.

மணல்மேடு ஆறாகும்

முக்கொம்பில் காவிரி இரண்டாக பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம். கொள்ளிடம் பள்ளமான ஆறு. விட்டால் எல்லா தண்ணீரும் அதில்தான் ஓடும். தஞ்சை வயல்கள் காய்ந்துவிடும். அதை தடுக்கத்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் இங்கு மேலணை கட்டினார்.

பாசன தண்ணீர் காவிரியில் போகும். மிச்ச வெள்ளம் முழுக்க கொள்ளிடத்துக்கு திருப்பப்படும். பல மாதம் வெறும் மணலாக கிடக்கும் கொள்ளிடம், ஷட்டரை திறந்ததும் கரை தொட்டு ஓடுவது இதனால்தான்.

அந்த வேகத்துக்கு 2018-ம் ஆண்டே சாட்சி. ஆகஸ்டு 22-ந்தேதி இரவு கொள்ளிடம் மேலணையில் இருந்த 45 ஷட்டர்களில் 9 ஷட்டர்கள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. இரும்புக்கே அந்த கதி என்றால் மனுஷன் எம்மாத்திரம்? பிறகு பக்கத்திலேயே புதிய கதவணை கட்டப்பட்டது.

கல்லணையின் சுழல்

கரிகால சோழன் கட்டிய கல்லணையின் நீளம் 1,080 அடி. பெரிய பாறைகளை ஆற்று மணலில் போட்டு, அவை தன் பாரத்திலேயே புதைந்ததும் மேலே மேலே அடுக்கி கட்டியதாக சொல்கிறார்கள். இங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணை கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது.

ஷட்டரை ஒட்டி விழுகிற தண்ணீர் அடியில் குழி பறித்து, சுழலை உண்டாக்கும். மேலே பார்க்க அமைதியாக தெரியும். நன்றாக நீச்சல் தெரிந்தவரையும் உள்ளே இழுத்துவிடும்.

இதை மறக்காதீங்க

* கிளம்பும் முன் மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று செய்தியில் பாருங்கள்.

* தெளிந்த தண்ணீர் திடீரென கலங்கி, குப்பை செத்தை மிதந்து வந்தால் உடனே கரை ஏறுங்கள்.

* ஷட்டர் பக்கம் நின்று செல்போனில் படம் எடுக்காதீர்கள்.

* ஒருவர் மூழ்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறு, சேலை, கம்பு எதையாவது நீட்டுங்கள்.

வெள்ள நேரமா? பூங்காவில் சாப்பிட்டுவிட்டு, 236 அடி உயர ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை பார்த்துவிட்டு திரும்புங்கள். ஆறு எங்கேயும் போய்விடாது. தண்ணீர் வடிந்ததும் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வந்துகொள்ளலாம்.