டிரம்மைக் கழற்றி டிஸ்க் மாட்டினால்

அமெரிக்காவில் 1960களின் செவர்லே சி-10 பிக்கப்பைத் தேடி வாங்கி, துரு சுரண்டி, பெயின்ட் அடித்து ஓட்டுகிறவர்கள் ஏராளம். அவர்களில் பலரும் அடுத்துக் கைவைப்பது முன்சக்கர பிரேக்கில். அந்த வண்டிகளுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். 1971 மாடலிலிருந்துதான் முன்னால் டிஸ்க் பிரேக் வழக்கமாக வந்தது. அதைப் பழைய வண்டிக்கு மாட்டுவது ஒருநாள் வேலை என்று இறங்குகிறவர்களை அறிவியல் விடுவதில்லை.

வேகத்தை வெப்பமாக மாற்றுவதுதான் பிரேக்கின் வேலை. இரண்டு டன் வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 7.7 லட்சம் ஜூல். இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. அழுத்தி நிறுத்தினால் அதில் பெரும்பகுதி சில விநாடிகளில் பிரேக்குகளுக்குள் இறங்குகிறது.

டிரம் பிரேக்கை மட்டம் என்று சொல்ல மனம் வரவில்லை. சுழலும் டிரம்மின் உட்புறத்தை ஷூ என்னும் வளைந்த கட்டை தொட்டதும், டிரம்மே அந்த ஷூவை இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்கிறது. அந்த ஷூ பக்கத்து ஷூவையும் நெட்டித் தள்ளுகிறது. காலின் சிறு அழுத்தம் இப்படிப் பெருகுவதால், காலுக்கு உதவும் பூஸ்டர் இல்லாமலேயே பல பிக்கப்புகள் ஓடின. சிக்கல் சூட்டில் வருகிறது. சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. ஷூமேல் ஒட்டிய லைனிங்கின் உராய்வும் குறைகிறது. நீண்ட மலையிறக்கத்தில் பெடல் ஆழமாகப் போகும், வண்டியோ நிற்க மறுக்கும். டிஸ்க் திறந்த காற்றில் சுழல்கிறது. சூட்டில் தடித்தாலும், அதை இருபுறமும் கவ்வும் பேடை நோக்கியே தடிக்கிறது. தண்ணீர் பட்டால் உதறிவிடுகிறது.

ஆனால் டிஸ்க்குக்குத் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும் அந்தச் சாமர்த்தியம் இல்லை. பேடை மிகப் பலமாக அழுத்தியாக வேண்டும். அதற்காகத்தான் பேடைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் அவ்வளவு பெரிது. பின்னாளைய சி-10இல் அதன் குறுக்களவு சுமார் 75 மி.மீ. பாஸ்கல் விதிப்படி பரப்பு கூடினால் விசை கூடும், ஆனால் தள்ள வேண்டிய பிரேக் ஆயிலும் கூடும். ஆகவே பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டும். டிரம்முக்கான பழைய சிலிண்டர் குழாயில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கும். அதையே விட்டுவைத்தால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும்.

காலுக்கு உதவ பூஸ்டரும் வேண்டும். அது எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தில் இயங்குவது. வேகத்துக்கு ஆசைப்பட்டு முரட்டு கேம்ஷாஃப்ட் போட்டவர்களுக்கு அந்த வெற்றிடம் குறைந்துவிடும். ஓடுவதற்குச் செய்த செலவு நிற்பதைக் கெடுக்கிறது!

பிக்கப்புக்கே உரிய தொல்லை பின்பக்கம் இருக்கிறது. பிரேக் பிடித்தால் பாரம் முன்னே சாய்கிறது. பின்தொட்டி காலியாக இருந்தால் பின்சக்கரங்களில் எடை அதிகம் இராது. முன்சக்கரங்களுக்கு முன்பே அவை பூட்டிக்கொண்டு சறுக்கும், வண்டியின் பின்பாதி முன்பாதியை முந்தப் பார்க்கும். பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வைப் பொருத்தாமல் டிஸ்க் மாற்றம் முடிந்ததாகச் சொல்லக் கூடாது.

இன்னொரு வேடிக்கை. 1970 வரை சி-10 சக்கரத்துக்கு ஆறு போல்ட். 1971 முதல் ஐந்து. பின்னதன் பாகங்களை அப்படியே முன்னால் மாட்டினால், முன்னும் பின்னும் வேறு வேறு சக்கரம். எந்த ஸ்டெப்னியை எடுத்துப் போவது?

பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; டாட் 3 வகை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரமேறிய பின் அந்த வரம்பு 140தான். ஆகவே மூடி திறந்து கிடந்த பழைய டப்பாவை ஊற்ற வேண்டாம்.

1966 வரையிலான சி-10இல் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சுற்றுதான். எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். 1967இல்தான் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் பிரித்தார்கள். அதற்கு முந்தைய வண்டி வைத்திருந்து, ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், டிஸ்க்கைத் தள்ளிப்போட்டு இரட்டை மாஸ்டர் சிலிண்டரை முதலில் வாங்குங்கள்.